விலை ஏறியது, தங்குவதன் பயன் ஏன் குறைந்தது? டிஸ்னி வேர்ல்டு விடுதி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

புளோரிடாவில் ஒர்லாண்டோ நகருக்கு அருகே அமைந்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் விடுதிகளை நிர்வகிப்போருக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கும் விடுமுறைக் காலத்தில் உங்கள் பூங்காக்களுக்கு ஒரு முறையாவது போய்வர விரும்புகின்றன. அப்படிப் புறப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தச் சவாரி நன்றாக இருக்கும் என்பதை அன்று. உங்கள் வளாகத்துக்குள்ளேயே அறை எடுக்கலாமா, அல்லது அருகிலுள்ள கிஸிம்மி நகரில் ஒரு விடுதியிலோ வாடகை வீட்டிலோ தங்கிக்கொண்டு நாள்தோறும் காரில் போய்வரலாமா என்பதையே கேட்கிறார்கள். செலவு சற்றுக் கூடினாலும் உள்ளேயே தங்குங்கள் என்று முன்பெல்லாம் தயங்காமல் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அதற்கான காரணங்களை உங்களிடமே முன்வைப்பதுதான் முறை என்று கருதி இந்த மடலை எழுதுகிறேன். கேட்பவர்கள் தமிழில் கேட்கிறார்கள், அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

விலை ஏறுவதை மட்டும் குறையாகச் சொல்வது என் நோக்கமன்று. பணியாளர் ஊதியம், காப்பீடு, கட்டுமானச் செலவு எல்லாம் ஏறும் காலத்தில் அறை வாடகை மட்டும் அப்படியே நிற்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. என் வருத்தம் வேறு. ஓர் இரவுக்கு நீங்கள் பெறும் தொகை கூடிக்கொண்டே போன அதே ஆண்டுகளில், அந்தத் தொகைக்குள் அடங்கியிருந்த வசதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சிலவற்றை அடியோடு நிறுத்தியும் சிலவற்றைத் தனி விலைக்கு விற்றும் வருகிறீர்கள். உள்ளே தங்குவதன் பொருளே இதனால் மாறிவிட்டது.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். கலிபோர்னியாவின் அனஹைமில் 1955-ஆம் ஆண்டு டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே ஒரு விடுதி கட்டுவதற்கு வால்ட் டிஸ்னியிடம் பணம் இருக்கவில்லை. ஜாக் ராதர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்தான் முன்வந்து டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டினார். பூங்காவைச் சுற்றி மற்றவர்களின் மோட்டல்கள் நெருக்கியடித்து எழும்பியதைப் பார்த்த அனுபவம், புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. 1971 அக்டோபர் 1 அன்று அங்கே உங்கள் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் திறக்கப்பட்டபோது, கன்டெம்பரரி, பாலினேசியன் என்னும் இரு விடுதிகளும் உடன் திறக்கப்பட்டன. மோனோரயில் கன்டெம்பரரியின் கூடத்துக்குள்ளேயே புகுந்து வெளியேறுவது வெறும் அலங்காரமன்று. விடுதி தனியாக, பூங்கா தனியாக இல்லை, வாசலைத் தாண்டியதிலிருந்து எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தை அந்தக் கட்டடம் கண்ணுக்குக் காட்டியது.

1988-இல் கரீபியன் பீச் விடுதியையும் 1994-இல் ஆல்-ஸ்டார் விடுதிகளில் முதலாவதையும் திறந்ததன் வழியாக, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த வாசலைத் திறந்துவிட்டீர்கள். ஆல்-ஸ்டார் அறை சிறியது, ஏறத்தாழ 260 சதுர அடிதான். பூங்காவுக்குப் போக மோனோரயில் கிடையாது, பேருந்துதான். ஆனாலும் அங்கே தங்கிய குழந்தையும் விலை மிகுந்த கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியில் தங்கிய குழந்தையும் பூங்காவுக்குள் நுழைந்த பிறகு ஒரே விருந்தினராகவே நடத்தப்பட்டனர். இந்தச் சமத்துவத்தை நான் மிகவும் மதித்தேன். மலிவான அறையை எடுத்ததற்காக எந்தக் குடும்பமும் பூங்காவுக்குள் இரண்டாம் தரமாக ஆகிவிடவில்லை.

அந்தக் காலத்தில் அறை வாடகையோடு என்னென்ன கிடைத்தன என்பதை இன்று புதிதாகத் திட்டமிடுபவர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். ஒர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை அழைத்துச்செல்லும் மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து 2005 முதல் இலவசமாக ஓடியது. உள்நாட்டு விமானத்தில் வருபவர்களின் பெட்டிகள்கூட, அவர்கள் காத்திருந்து எடுத்துச்செல்ல வேண்டிய தேவையின்றி அறைக்கே வந்துசேர்ந்தன. கூடுதல் நேரம் என்ற பெயரில், சில நாள்களில் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவோ, இரவில் மற்றவர்கள் கிளம்பிய பிறகு இரண்டு மணி நேரமோ, எல்லா விடுதிகளின் விருந்தினர்களுக்கும் பூங்கா திறந்திருந்தது. அறைச் சாவியாகவும் பூங்கா நுழைவுச் சீட்டாகவும் பயன்படும், கையில் கட்டிக்கொள்ளும் மேஜிக்பேண்ட் இலவசம். வரிசையில் நிற்காமல் செல்வதற்கான ஃபாஸ்ட்பாஸ் முறையில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு மூன்று சவாரிகளைப் பணம் கொடுக்காமல் முன்பதிவு செய்துகொள்ளலாம். வெளியே தங்குபவர்களுக்கு 30 நாள்களுக்கு முன்பு திறந்த அந்தப் பதிவு, உங்கள் விருந்தினர்களுக்கு 60 நாள்களுக்கு முன்பே திறந்தது.

இன்று நிலைமை என்ன? விமான நிலையப் பேருந்து 2021-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. மேஜிக்பேண்டுக்கு இப்போது விலை உண்டு. கூடுதல் நேரம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. காலையில் அரை மணி நேரம் எல்லா விடுதிகளுக்கும் பொது. இரவில் குறிப்பிட்ட நாள்களில் கிடைக்கும் இரண்டு மணி நேரமோ டீலக்ஸ் எனப்படும் விலை உயர்ந்த வகை விடுதிகளுக்கு மட்டும். இலவச ஃபாஸ்ட்பாஸுக்கு மாற்றாக, 2021 அக்டோபரில் தலைக்கு நாளொன்றுக்கு 15 டாலர் என்ற விலையில் ஜீனி பிளஸ் வந்தது. 2024-இல் அது லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறி, கூட்டம் மிகுந்த நாள்களில் மேஜிக் கிங்டமில் 39 டாலர் வரை உயர்ந்தது. மிகவும் விரும்பப்படும் சில சவாரிகளுக்கு அதற்கு மேலும் தனிக் கட்டணம் உண்டு. உள்ளே தங்குபவர்களுக்கு இதில் மிச்சமிருக்கும் சலுகை, மற்றவர்கள் 3 நாள்களுக்கு முன்பு வாங்குவதை இவர்கள் 7 நாள்களுக்கு முன்பே வாங்கலாம் என்பதுதான். முன்பு முதலில் பெறும் உரிமையாக இருந்தது, இன்று முதலில் பணம் கட்டும் உரிமையாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாண மண்டபம் பேசப்போகும் பெரியவர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்டதும் நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். பாத்திரம் உண்டா, ஜெனரேட்டர் செலவு யாருடையது, துப்புரவுக்குத் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகே வாடகை கூடுதலா குறைவா என்று சொல்வார்கள். உங்கள் விடுதிகளையும் அப்படிக் கணக்கிட்டுப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். காரிலேயே வருகிறார்கள், ஐந்து இரவு தங்குகிறார்கள், நான்கு நாள் பூங்காக்களுக்குப் போகிறார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் உங்களுடைய மிக மலிவான வகை அறையே வரிக்கு முன்பு இரவுக்கு 200 டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். வெளியே, காலை உணவும் சேர்த்துத் தரும் சுத்தமான ஒரு விடுதி 110 டாலருக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். இரவுக்கு 90 டாலர் வித்தியாசம். ஐந்து இரவுக்கு 450 டாலர், உங்கள் வளாகத்தின் பெரும்பகுதி அமைந்துள்ள ஆரஞ்சு மாவட்டத்தின் 12.5 விழுக்காடு வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 506 டாலர். உள்ளே தங்குபவர்களுக்குப் பூங்காக்களில் வாகன நிறுத்தம் இலவசம் என்பதால், அதன் கட்டணம் நாளொன்றுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டு 120 டாலரைக் கழித்துவிடலாம். மீதி 386 டாலர். இந்தத் தொகைக்கு அந்தக் குடும்பம் பெறுவது நான்கு காலைகளில் அரை மணி நேரமும், லைட்னிங் லேனையும் உணவக மேசையையும் சற்று முன்னதாகப் பதிவு செய்யும் வசதியும், 2025 முதல் நீங்கள் தரும் சலுகையின்படி வந்துசேரும் நாளில் ஒரு நீர்ப் பூங்காவுக்கு இலவச நுழைவும்தான். அந்தக் கடைசிச் சலுகை உண்மையிலேயே மதிப்புள்ளது, அதைத் தந்ததற்கு நன்றி. ஆனால் நெடுந்தூரம் கார் ஓட்டி மாலையில் வந்துசேரும் குடும்பத்தால் அதைப் பயன்படுத்த முடியாது. இதற்கு மேல் லைட்னிங் லேன் தலைக்கு 25 டாலர் என்றே வைத்தாலும், நால்வருக்கு நான்கு நாளில் 400 டாலர் தனியாகச் செலவாகும். அந்தச் செலவு உள்ளே தங்கினாலும் வெளியே தங்கினாலும் ஒன்றே.

அந்தக் காலை அரை மணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் போன்ற சவாரியை நீண்ட வரிசை சேர்வதற்கு முன்பே முடித்துவிடலாம். ஆனால் 25-க்கும் மேற்பட்ட உங்கள் விடுதிகளில் தங்கும் அனைவருக்கும் அதே அரை மணி நேரம்தான். அது மட்டுமன்று, உங்கள் வளாகத்தின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பகுதியில் வேறு நிறுவனங்கள் நடத்தும் சில விடுதிகளின் விருந்தினர்களுக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கிறீர்கள். அந்த விடுதிகள் பல நாள்களில் உங்கள் அறைகளைவிட விலை குறைவு. அப்படியானால் உங்கள் சொந்த விடுதியில் கூடுதல் பணம் கொடுப்பவருக்கு மட்டும் என்று எஞ்சுவது எது என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

எந்த நிலையிலும் உள்ளே தங்குவது வீண் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. விலை எவ்வளவு ஏறினாலும் பணத்துக்கு ஈடான பயன் தரும் இடங்கள் உங்களிடம் இருக்கின்றன. கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். மூன்று வயதுக் குழந்தையும் முழங்கால் வலியுள்ள பாட்டியும் உடன் இருக்கும்போது, நண்பகல் வெயிலில் அறைக்குத் திரும்பி, புளோரிடாவின் கோடை மாலை இடிமழை ஓயும் வரை உறங்கி எழுந்து, இரவு வாணவேடிக்கைக்கு மீண்டும் போக முடிகிறது என்றால், அந்த ஒரு வசதி பயணத்தின் முழுத் தன்மையையும் மாற்றிவிடும். உங்கள் மற்றொரு பூங்காவான எப்காட்டுக்கு நடந்தே செல்லக்கூடிய போர்டுவாக், யாட் கிளப் விடுதிகளுக்கும் இது பொருந்தும். அனிமல் கிங்டம் லாட்ஜில் புல்வெளியைப் பார்த்த அறையின் மாடத்தில் நின்று, விடிகாலையில் ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்ப்பது வேறெங்கும் எளிதில் வாங்கக்கூடிய அனுபவமன்று. அங்கே ஓரிரு இரவுகள் தங்குங்கள் என்று இன்றும் சொல்வேன். 2019 செப்டம்பரில் ஸ்கைலைனர் ரோப் கார் ஓடத் தொடங்கிய பிறகு, பாப் செஞ்சுரி விடுதி தன் விலைக்கு மிகவும் நியாயமானதாக மாறியது. எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் பேருந்துக்குக் காத்திருக்காமல் போக முடிவது நாளின் களைப்பைப் பாதியாகக் குறைக்கிறது.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது நேரமும் அலைச்சல் குறைவுமே. உங்கள் விடுதிகள் விற்கும் உண்மையான பொருள் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மெத்தையும் குளியலறையும் எந்த விடுதியிலும் கிடைக்கும். நேரத்தை மிச்சப்படுத்தித் தருவதற்காகத்தான் உங்களிடம் கூடுதல் பணம் கொடுக்கிறோம். அந்த நேரத்தையே அறையிலிருந்து பிரித்து, பூங்கா வாசலில் தனிச் சீட்டாக விற்கத் தொடங்கிய பிறகு, பேருந்தை மட்டும் நம்பியிருக்கும் ஆல்-ஸ்டார் போன்ற விடுதிகளின் ஏறிய வாடகைக்கு என்ன நியாயம் எஞ்சுகிறது?

மூன்று தலைமுறையினரும் சேர்ந்து பயணம் செய்யும் குடும்பங்களின் சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். எங்களில் பலர் அப்படித்தான் வருகிறோம். மலிவான வகையின் சாதாரண அறையில் கைக்குழந்தை நீங்கலாக நால்வருக்குத்தான் இடம். பெற்றோர், இரு குழந்தைகள், தாத்தா, பாட்டி என ஆறு பேர் என்றால் இரண்டு அறைகள் வேண்டும், அல்லது ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் உள்ள ஆறு பேர் தங்கும் குடும்பச் சூட் வேண்டும். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்டின் வாடகை பல நாள்களில் ஆல்-ஸ்டாரின் இரண்டு சாதாரண அறைகளுக்கு மேலேயே போய்விடுகிறது. அதே பணத்தில் வெளியே சமையலறையும் நீச்சல் குளமும் உள்ள ஒரு முழு வீடே கிடைக்கும்போது, சைவ உணவு மட்டும் உண்ணும் முதியவர்களை வைத்திருக்கும் ஒரு குடும்பம், இரவில் ஒரு ரசமும் சோறும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்காகவே வெளியே போவதில் வியப்பில்லை. அந்தக் குடும்பத்தை நீங்கள் இழப்பது பூங்காவின் குறையால் அன்று.

பற்றாக்குறைக்கு ஒரு காரணம் உங்கள் கட்டுமானத் திட்டங்களிலேயே இருக்கிறது. மலிவான வகையில் நீங்கள் கடைசியாகத் திறந்த விடுதி 2012-இல் வந்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன். அதன் பிறகு 2019-இல் ரிவியரா, 2024-இல் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள், அதே ஆண்டின் இறுதியில் பாலினேசியனின் ஐலண்ட் டவர் என்று திறந்தவை, உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே விற்கப்படும் விடுமுறைக் கழக வில்லாக்கள். குறைந்த வாடகை அறைகளின் எண்ணிக்கை கூடாமல், அவற்றைத் தேடுவோர் எண்ணிக்கை மட்டும் கூடினால் விலை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றம் இயற்கையாக வந்ததன்று, எதைக் கட்டுவது என்ற முடிவிலிருந்து வந்தது. 2023 செப்டம்பரில் பத்தாண்டுகளில் பூங்காக்களிலும் கப்பல்களிலும் ஏறத்தாழ 6,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக உங்கள் நிறுவனம் அறிவித்தது. 2024 நிதியாண்டில் பூங்காக்களை உள்ளடக்கிய பிரிவு 3,400 கோடி டாலருக்கு மேல் வருவாயும் 900 கோடி டாலருக்கு மேல் இயக்க லாபமும் ஈட்டியது. எனவே ஒரு புதிய மலிவு விடுதி கட்டுவதற்கு வசதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அறைகள் நிரம்புகின்றனவே, அப்படியானால் விலை சரியாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு உங்களிடமே ஒரு சான்று உண்டு. 2022 மார்ச்சில் திறந்த ஸ்டார் வார்ஸ் கலாக்டிக் ஸ்டார்குரூசர் விடுதியில் இருவர் இரண்டு இரவு தங்குவதற்கு 4,800 டாலர் அளவிலும், நால்வருக்கு ஏறத்தாழ 6,000 டாலரும் ஆனது. நடிப்பும் உணவும் கதையும் சேர்ந்த அந்த அனுபவத்தைப் போய்வந்தவர்களில் பலர் மனமாரப் பாராட்டினார்கள். ஆனாலும் 2023 செப்டம்பர் முடிவில் அது மூடப்பட்டது. உழைப்பும் கற்பனையும் அவ்வளவு கொட்டப்பட்ட ஒன்று விலையால் எட்டாமல் போய், ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் மட்டுமே வாழ்ந்தது எனக்கு உண்மையான இழப்பாகவே படுகிறது. அதே ஆண்டு மார்ச்சில் அப்போது உங்கள் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த பாப் ஐகர், லாபத்தைப் பெருக்கும் ஆர்வத்தில் சில விலைகளைச் சற்று மிகையாக ஏற்றியிருக்கலாம் என்ற கருத்தை முதலீட்டாளர் மாநாடு ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2018 முதல் விடுதி விருந்தினர்களிடம் வாங்கிவந்த இரவு வாகன நிறுத்தக் கட்டணத்தை நீக்கியிருந்தீர்கள். மனம் வைத்தால் எடுத்ததைத் திரும்பத் தர முடியும் என்பதை அந்த முடிவு காட்டியது.

சில மைல் தூரத்தில் உங்கள் போட்டியாளரான யுனிவர்சல் ஒர்லாண்டோ என்ன செய்கிறது என்பதையும் குடும்பங்கள் பார்க்கின்றன. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று உயர்தர விடுதிகளில் தங்குபவர்களுக்கு, அங்குள்ள இரண்டு பழைய பூங்காக்களில் வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் சீட்டு அறை வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவுக்கு அது செல்லாது, அந்த விடுதிகளும் மலிவானவை அல்ல. ஆனாலும் அங்கே கூடுதல் வாடகை கொடுப்பவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்பது தெளிவாகத் தெரிகிறது. உங்களுடைய கிராண்ட் ஃப்ளோரிடியனில் பல இரவுகளில் 700 டாலருக்கு மேல் கொடுப்பவரும் காலை எழுந்ததும் லைட்னிங் லேனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்களைத் தெளிவாகச் சொல்கிறேன். விலையைக் குறையுங்கள் என்று கேட்கவில்லை. வாடகைக்குள் மீண்டும் பயனை வையுங்கள் என்றே கேட்கிறேன். எந்த வகை விடுதியில் தங்கினாலும், ஒவ்வொரு விருந்தினருக்கும் பூங்கா நாளொன்றுக்கு ஒரு லைட்னிங் லேன் நுழைவையாவது கட்டணமின்றித் தாருங்கள். இரவுக் கூடுதல் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது எல்லா விடுதிகளுக்கும் பொதுவாக்குங்கள். பூங்காவுக்குள் நுழைந்த பிறகு விருந்தினர்களிடையே தரம் பிரிக்காமல் இருந்த பழைய வழக்கம் உங்கள் பெருமையாக இருந்தது. விமான நிலையப் பேருந்தை முன்போல் நடத்த இயலாவிட்டால், காரில்லாமல் மலிவு விடுதிகளுக்கு வரும் குடும்பங்களுக்காவது அதைத் திரும்பத் தொடங்குங்கள். பெரும் தள்ளுபடிகளைக் கடைசி நேரத்தில் அறிவிக்கும் வழக்கத்தையும் மறுஆய்வு செய்யுங்கள். விடுப்பும் விமானச் சீட்டும் ஆறு மாதத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய குடும்பம் முழு வாடகை கொடுத்துவிட்டு, பிறகு அதே அறை குறைந்த விலைக்குப் போவதைப் பார்ப்பது வருத்தம் தருகிறது. முன்பே பதிவு செய்தவர்களுக்கு அந்தத் தள்ளுபடி தானாகவே சேரும்படி செய்யலாம்.

இறுதியாக, அறிவித்துள்ள முதலீட்டில் ஒரு பகுதியைக் கொண்டு, ஸ்கைலைனர் தடத்தையொட்டி ஆறு பேர் தங்கக்கூடிய, சிறு சமையலறை கொண்ட அறைகள் நிறைந்த ஒரு மலிவு வகை விடுதியைக் கட்டுங்கள். 2012-க்குப் பிறகு அந்த வகையில் ஒன்றும் வரவில்லை. அது எந்த ஆண்டு திறக்கப்படும், தொடக்க வாடகை எவ்வளவு என்பதை உங்கள் அடுத்த அறிவிப்பில் எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
வட கரோலினாவில் வாழும் ஒரு தமிழ் வாசகர்